உயிரின் அளவுகள் – 7: புயலில் விழுந்த 136 குருவிகள்

1898 பிப்ரவரி 1. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில் பனியும் மழையும் கலந்து கடும் புயல் அடித்தது. அதில் சிக்கி விறைத்துப்போன சிட்டுக்குருவிகளைப் பிரவுன் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 136. அவற்றில் 72 பிழைத்துக்கொண்டன, 64 செத்துப்போயின.

அங்கிருந்த விலங்கியலாளர் ஹெர்மன் பம்பஸுக்கு ஒரு கேள்வி எழுந்தது. பிழைத்தவையும் செத்தவையும் உடலளவில் வேறுபட்டனவா? டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிடைத்த அரிய வாய்ப்பு அது. உடல் நீளம், சிறகு விரிப்பு, எடை, எலும்புகளின் நீளம் என்று ஒவ்வொரு குருவியிலும் ஒன்பது அளவுகளை எடுத்தார்.

அவற்றில் 49 பெண் குருவிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிழைத்தவை 21, செத்தவை 28. சிறகு விரிப்பின் சராசரி பிழைத்தவற்றில் 241 மி.மீ., செத்தவற்றில் 241.6 மி.மீ. அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இந்த வித்தியாசத்தில் ஒன்றுமில்லை. இரண்டு சராசரிகளையும் பட்டை வரைபடமாகப் போட்டால் ஒரே உயரத்தில் இரண்டு பட்டைகள் நிற்கும். புயலுக்கும் சிறகுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் போய்விடுவோம்.

இப்போது வரைபடத்தாளில் ஒரு குருவிக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். பிழைத்தவை மேல் வரிசை, செத்தவை கீழ் வரிசை. இரண்டின் நடுவும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆனால் மேலே நடுவையொட்டி நெருங்கி நிற்கும் புள்ளிகள், கீழே இரு பக்கமும் கலைந்து கிடக்கும். இந்தக் கலைவை எண்ணால் சொல்வதுதான் திட்டவிலக்கம். பிழைத்தவற்றில் அது 4.2 மி.மீ., செத்தவற்றில் 5.7 மி.மீ. பம்பஸ் வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: நடுத்தர அளவிலிருந்து வெகுவாக விலகியவற்றைத்தான் புயல் அதிகமாகக் கொன்றது.

உயிரியலில் வேறுபாடு என்பது அளவுப்பிழை அல்ல. ஆராய வேண்டிய பொருளே அதுதான். அதனால்தான் புள்ளிகளைக் காட்டாமல் சராசரியை மட்டும் காட்டும் படங்கள் மீது எனக்கு இவ்வளவு கோபம்.

என்றாலும் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் நம்பிவிட முடியாது. பறவைகள் இவ்வளவு குறைவாக இருக்கையில் இப்படியொரு வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடும். பம்பஸ் காலத்தில் அதைச் சோதிக்க இன்றைய கருவிகள் இல்லை. சிறிய மாதிரிகளுக்கான டி-சோதனையின் அடிப்படையை வில்லியம் காசெட் வெளியிட்டது 1908-ல்தான். இன்றைய சோதனைகளின்படி, சிறகு விரிப்பு என்ற ஒரே அளவை மட்டும் வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. பல அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆண், பெண் இரண்டையும் தனித்தனியாகவும் பார்க்க வேண்டும். 87 ஆண்களில் 51 பிழைத்தன, 49 பெண்களில் 21-தான். 1972-ல் ஜான்ஸ்டன், நைல்ஸ், ரோவர் மூவரும் இதே எண்களை மறுபடி அலசினார்கள். பெண்களில் நடுத்தர உடல்வாகு கொண்டவை தப்பின என்ற முடிவு நின்றது. ஆண்களில் கதையே வேறு: அங்கே பெரிய உடல்வாகு கொண்டவைதான் அதிகம் தப்பின. எல்லாவற்றையும் ஒரே கூட்டமாகப் பார்த்தால் இந்த இரண்டு போக்குகளும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

முக்கால் நூற்றாண்டு கழித்து எப்படி அலச முடிந்தது? பம்பஸ் தன் முடிவோடு நிற்காமல், 136 குருவிகளின் அளவுகளையும் ஒன்றுவிடாமல் அட்டவணையாக அச்சிட்டிருந்தார். அவருடைய முடிவைத் திருத்துவதற்கான ஆதாரத்தையும் அவரே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண் குருவிகள் இன்றும் புள்ளியியல் பாடநூல்களில் பயிற்சிக் கணக்காக இருக்கின்றன.

ஒன்பது அளவுகளும் தனித்தனி அல்ல. சிறகு நீண்ட குருவிக்குத் தொடையெலும்பும் நீளமாகவே இருக்கும். அப்படியானால் புயல் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது? இரண்டு அளவுகளை ஒரே படத்தில் வைக்கும் சிதறல் வரைபடத்தை அடுத்த வாரம் வரைவோம்.