கவரிங் போடலாம்... தங்கம்னு சொல்லலாமா?



இந்தப் பகுதியில் சமையல், மாமியார், பிள்ளை வளர்ப்பு என்று பலரும் எழுதுவதைத் தவறாமல் படிக்கிறவள் நான். சைக்கிளைப் பற்றி எழுத உட்காருவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால், வயசுப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு உபயோகப்படும் என்று தோன்றியது.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஞாயிறு விடியற்காலையில் தோழிகளோடு பேரூர், ஆனைகட்டி என்று சைக்கிளில் போய் வர அவளுக்கு ஆசை. வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் வைத்த ரேஸ் சைக்கிள்தான் வேண்டுமாம். புதுசு வாங்க எங்கள் வரவு செலவு இடம் கொடுக்கவில்லை. "பரவால்லம்மா, நானே சேர்த்து மாட்டிக்கிறேன்" என்றாள். எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரரிடம் கோட்டம் எடுப்பது வரை கற்றுக்கொண்டு, மூன்று மாதத்தில் ஒவ்வொரு சாமானாக வாங்கி முழு வண்டியையும் நிறுத்திவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வண்டி முழுக்கப் பெயர்கள்! ஃப்ரேமில் மான்ட்ரா, கியரில் ஷிமானோ, செயினில் கே.எம்.சி., டயரில் ரால்சன். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், பழைய சாமான் கடையில் வாங்கியது. அதிலே பளபளவென்று வேறொரு பெயர். முதல் ஞாயிறு போன இடத்தில் ஒரு பெண், "என்னப்பா இது, எந்தக் கம்பெனி? ஒரே கதம்பமா இருக்கு!" என்று சிரித்துவிட்டாளாம். அவ்வளவுதான். இரண்டு வாரம் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது.

"ஏம்மிணி, ஓட்டறதுக்குக் காலு வேணுமா, பேரு வேணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டும் அவள் அசையவில்லை. மூன்றாவது வாரம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டு, வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்றின் பெயரை ரேடியம் ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டிவிடுவதாம்!

எனக்கு என் கல்யாணப் புதுசு ஞாபகம் வந்தது. நாத்தனார் கல்யாணத்துக்குக் கழுத்து நிறைய கவரிங் போட்டுக்கொண்டு போனேன். ஒரு பெரியம்மா, "எத்தனை பவுன் கண்ணு?" என்று கேட்க, வாய் கூசாமல் "எட்டு" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் அந்த அம்மா பக்கம் தலை திருப்ப முடியவில்லை. அதைச் சொல்லி, "கண்ணு, கவரிங் போடறது தப்பில்லை. தங்கம்னு சொல்றதுதான் தப்பு. நாலு பேரையும் மறைச்சுக்கோ. இல்லாத பேரை எழுதாதே. நாளைக்கு நீ விக்கறப்ப அந்தப் பேரைப் பார்த்துத்தானே ஒருத்தர் காசு குடுப்பாங்க?" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், மறைப்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். முடி காய வைக்கும் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் ஸ்டிக்கரின் பசை இளகும். பழைய ஏ.டி.எம். கார்டு விளிம்பால் நெம்பினால் உரிந்து வரும். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணீர். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் தொட வேண்டாம், அது பெயிண்டையே கரைத்துவிடும். சில பெயர்கள் வார்னிஷுக்கு அடியில் இருக்கும், உரிக்க வராது. அவற்றின் மேல் ரேடியம் பட்டை ஒட்டிவிட்டோம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பேரில்தான் ரேடியமே தவிர, அது வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கும் பட்டை. மறைத்தது போலவும் ஆச்சு, இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் படுவதற்கும் ஆச்சு!

கடைசியாக ஃபோர்க். அந்தப் பளபள ஸ்டிக்கரை உரித்தால், அடியில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. பெயிண்ட் கீறல் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் சுரண்டிப் பார்த்து முகம் மாறிவிட்டார். "அக்கா, இரும்பே விட்டிருக்குதுங்க. ஆனைகட்டி எறக்கத்துல இது முறிஞ்சிருந்தா புள்ளை என்னாகியிருக்கும்?" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. விரிசலை மறைக்கத்தான் யாரோ புது ஸ்டிக்கரை ஒட்டி விற்றிருக்கிறார்கள். என் மகள் அன்று சாப்பிடவே இல்லை. ராத்திரி மெல்ல வந்து, "நான் ஒட்டப் பார்த்ததும் இந்த மாதிரிதானேம்மா?" என்றாள். வேறு ஃபோர்க் வாங்கி மாட்டினோம்.

அப்போது கடைக்காரர் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். கம்பெனிப் பெயரை மறைக்கலாம், சில எழுத்துகளை மறைக்கவே கூடாது. பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும் ஃப்ரேம் நம்பர். வண்டி திருட்டுப் போனால் போலீஸில் சொல்ல அதுதான் அடையாளம், குறித்து வையுங்கள். டயர் ஓரத்தில் இருக்கும் அளவும் காற்று அழுத்தமும். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அது ஃப்ரேமுக்குள் போயே இருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் கம்பி முறியலாம். பிரேக் கட்டை பிடிக்கும் ரிம் பக்கத்தில் பெயிண்டோ எண்ணெயோ படக் கூடாது, பட்டால் பிரேக் வழுக்கும். பெயிண்டை இரும்பு தெரியத் தேய்த்தால் பிரைமர் அடிக்காமல் விடாதீர்கள், துரு பிடிக்கும். பழைய சாமான் வாங்கினால் புது ஸ்டிக்கரை உரித்துப் பார்த்து வாங்குங்கள்.

கலந்து மாட்டியது கேவலமா என்ன? ஸ்காட்லாந்தின் கிரேம் ஒப்ரீ தன் கையால் கட்டிய சைக்கிளில் வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டு, 1993 ஜூலையில் நார்வே நாட்டில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை செய்தார். அவ்வளவு தூரம் எதற்கு? புவிசார் குறியீடு வாங்கிய நம் கோயமுத்தூர் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல் ஓரிடம், மோட்டார் ஓரிடம், டிரம் ஓரிடம் என்று பல பட்டறைகளில் செய்து சேர்ப்பதுதானே? மாவு என்ன, நன்றாக ஆட்டாமலா போகிறது?

இப்போது சைக்கிள் கறுப்பாக, பளிச்சென்று இருக்கிறது. எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. ஆனால் ஃப்ரேமில் தமிழில் ஒரே ஒரு சொல், அவளே ரேடியம் கடையில் வெட்டி ஒட்டியது: 'கதம்பம்'.

"என்னடி இது?" என்றேன். "மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் சேர்ந்தாத்தானேம்மா வாசம்" என்கிறாள்! போன ஞாயிறு, கேலி செய்த அதே பெண் தன் வண்டிக்கும் ஒரு பேர் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டாளாம்.

பிள்ளைகள் மறைக்க நினைப்பதை எல்லாம் திட்டித் தடுக்காமல், எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்போம். என்ன சொல்றீங்க, தோழிகளே?

— ஓர் இல்லத்தரசி, கோயமுத்தூர்.