எலும்புச் சேமிப்பில் கவனம் தேவை

பதின்ம வயதில் உயரம் மட்டும் கூடுவதில்லை. எலும்பும் உறுதி பெறுகிறது. வளர்ச்சி உச்சத்தில் இருக்கும் இரண்டே ஆண்டுகளில், பெரியவர்களின் எலும்பில் உள்ள தாதுச்சத்தில் சுமார் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய பாலியல் ஹார்மோன்களே அதற்கு முக்கியத் துணை.

திருநர் இளையர் சிலருக்குப் பருவ மாற்றத்தை நிறுத்திவைக்கும் மருந்து தரப்படுகிறது. நெதர்லாந்தில் 1990களில் இந்தச் சிகிச்சைமுறை உருவானது. மருந்து அந்த ஹார்மோன்களை அடக்கிவிடுவதால், எலும்பின் அடர்த்தி சம வயதினரைப் போல ஏறுவதில்லை.

பின்னர் ஹார்மோன் கொடுத்தால் இழந்ததை மீட்கலாமா? ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் 75 பேரைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்து, 2023ல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் அனைவரும் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் ஹார்மோன் எடுத்தவர்கள். டெஸ்டோஸ்டிரோன் பெற்ற திருநம்பிகளின் எலும்பு, சம வயதினரோடு ஒப்பிடுகையில், பழைய நிலையை எட்டியது. ஈஸ்ட்ரோஜன் பெற்ற திருநங்கைகளுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பு மட்டும் பின்தங்கியே இருந்தது.

ஆகவே, சிகிச்சைக்கு முன்பும் அதன்போதும் எலும்பு அடர்த்தியைச் சோதிப்பது அவசியம். பால், நெத்திலி, கீரை போன்ற சுண்ணாம்புச்சத்து உணவு, வைட்டமின் டி, ஓட்டம், குதித்தல் ஆகியவையும் உதவும். ஆனால், தன் உடலைப் பிறர் பார்ப்பார்களே என்று கூசி, திடலுக்கே போகாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாமல், மாலையில் உடன் நடக்கப் பெற்றோர் முன்வரலாமே! முதுமையில் தாங்கப்போவது இன்று சேரும் எலும்புதான்.