மழலையருக்காக மீண்டும் எழுதப்பட்ட ஆலிஸ்

பிறந்தநாளுக்கும் கோடை விடுமுறைக்கும் குழந்தைகளுக்கு நாம் விரும்பி வாங்கித் தரும் பரிசுகளுள் படக்கதை நூல்களுக்குத் தனி இடம் உண்டு. உலகப் புகழ் பெற்ற கற்பனைப் புதினங்கள் பலவும் இன்று வண்ணப் படங்களுடன் சுருங்கிய வடிவில் கிடைக்கின்றன. ஆனால் பெரிய நூல் சிறிய நூலாகும்போது எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 1726-இல் ஜோனதன் ஸ்விஃப்ட் எழுதிய 'கலிவரின் பயணங்கள்' நான்கு பாகங்களைக் கொண்டது. சிறுவர் பதிப்புகளிலோ பெரும்பாலும் ஆறங்குல மனிதர்கள் வாழும் லில்லிபுட் தீவும், அதனை அடுத்து வரும் இராட்சதர் நாடும் மட்டுமே எஞ்சுகின்றன. படித்து முடித்த குழந்தை, கலிவரின் கதை அவ்வளவுதான் என்றே எண்ணிக்கொள்கிறது.

ஒரு கதையைச் சுருக்குவது வேறு. வேறொரு வாசகருக்காக அதனை மீண்டும் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொள்ள, மூல ஆசிரியரே தம் புதினத்தை மழலையருக்காக மாற்றி எழுதிய அரிய நூல் ஒன்று நமக்கு உதவுகிறது. லூயிஸ் கரோலின் 'தி நர்சரி ஆலிஸ்' என்பதே அந்நூல்.

கைப்பணத்தில் ஒரு துணிவு

லூயிஸ் கரோல் என்பது புனைபெயர். சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன் என்ற இயற்பெயர் கொண்ட அவர், ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1862-ஆம் ஆண்டு தேம்ஸ் நதியில் படகில் சென்றபோது லிடல் சகோதரியர் மூவருக்கு அவர் சொன்ன கதையே, 1865-இல் 'அற்புத உலகில் ஆலிஸ்' என்ற நூலாக வளர்ந்தது. 'பஞ்ச்' இதழின் புகழ்பெற்ற ஓவியர் ஜான் டென்னியல் அதற்கு 42 படங்கள் வரைந்தார். வெளியிட்டது மேக்மில்லன் நிறுவனம் என்றாலும், செலவை ஏற்றுக்கொண்டவர் கரோலே ஆவார்.

முதலில் 2,000 பிரதிகள் அச்சாயின. படங்கள் அச்சேறியிருந்த விதம் டென்னியலுக்கு நிறைவளிக்கவில்லை. ஓவியரின் சொல்லை மதித்த கரோல், அப்பிரதிகளை ஒதுக்கிவிட்டு நூலை மீண்டும் அச்சிட முடிவு செய்தார். மறு அச்சுக்கான கணக்கை அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஓவியங்களுக்கு 138 பவுண்டு, அவற்றை மரக்கட்டையில் செதுக்க 142 பவுண்டு, அச்சுக்கு 240 பவுண்டு, கட்டமைப்புக்கும் விளம்பரத்துக்கும் 80 பவுண்டு என மொத்தம் 600 பவுண்டு. ஒதுக்கிய பிரதிகளால் ஏற்படும் நட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், மறு அச்சில் 2,000 பிரதிகள் விற்றாலும் 200 பவுண்டு கைநட்டம் வரும் என்று அவர் கண்டார். மேலும் 2,000 பிரதிகள் விற்றால் நட்டம் ஈடாகும்; அதற்கு மேலும் விற்கும் என்று நம்ப அவருக்குத் துணிவில்லை. ஒதுக்கப்பட்ட தாள்கள் பின்னர் நியூயார்க்கின் ஆப்பிள்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஆலிஸ் பெற்ற வெற்றியோ அவருடைய கணக்குகளையெல்லாம் கடந்து சென்றது.

படத்தோடு பேசும் நூல்

கால் நூற்றாண்டுக்குப் பின், எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கும் ஆலிஸைக் கொண்டுசேர்க்க கரோல் விரும்பினார். பிறந்த குழந்தை முதல் ஐந்து வயதுக் குழந்தை வரை என்பதே அவர் வகுத்துக்கொண்ட எல்லை. டென்னியலின் 42 படங்களுள் 20 மட்டும் பெரிதாக்கப்பட்டு வண்ணம் பெற்றன. இதில் ஆலிஸின் உடை மஞ்சள் நிறம். இன்று நமக்குப் பழகிய நீல உடையை உலகெங்கும் பரப்பியதில் 1951-இல் வெளிவந்த டிஸ்னி திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மூலத்தில் இருந்த பாடல்களும் சொல் விளையாட்டுகளும் பெரும்பாலும் விடுபட்டன. ஆயினும் கரோல் வெட்டுவதோடு நின்றுவிடவில்லை. மூல நூலில் நிகழ்ந்தவை யாவும் கனவு என்பது இறுதியில்தான் தெரியவரும். மழலையர் நூலிலோ, ஆலிஸ் ஒரு விந்தையான கனவு கண்டாள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். மடியில் அமர்ந்து கதை கேட்கும் குழந்தை அஞ்சக்கூடாது என்ற பரிவை இதில் காண்கிறோம்.

அதைவிட முக்கியமான மாற்றம் படங்களைப் பற்றியது. மூலத்தில் படம் கதைக்குத் துணை நிற்கிறது. இங்கே கதை படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறது. வெள்ளை முயல் நடுங்குவதைக் காண வேண்டுமானால் நூலைச் சற்றே இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்கும்படி குழந்தையிடம் சொல்கிறார் கரோல். செஷயர் பூனை மறைந்து, அதன் இளிப்பு மட்டும் எஞ்சி நிற்பதைக் காட்ட, தாளின் முனையை மடித்துப் பார்க்கச் செய்கிறார். இவ்வாறு நூலே ஒரு விளையாட்டுப் பொருளாகிறது. சில இடங்களில் விளக்கம் மிகுந்து கதையின் ஓட்டம் தடைபடுவதும் உண்மை. மூல நூலுக்குக் கிடைத்த வரவேற்பும் இதற்குக் கிடைக்கவில்லை.

அச்சுத் தரத்தில் அவர் காட்டிய கண்டிப்பு மட்டும் தளரவில்லை. 1889-இல் எட்மண்ட் எவன்ஸ் அச்சிட்ட முதல் 10,000 பிரதிகளின் வண்ணங்கள் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பளிச்சென்று இருப்பதாகக் கரோல் கருதி, அவற்றை ஏற்க மறுத்தார். மென்மையான வண்ணங்களுடன் திருத்திய பதிப்பு 1890-இல் வெளிவந்தது.

மழலையர் நூலை உருவாக்குவதற்காக, ஒதுக்கப்பட்ட 1865 பதிப்பின் பிரதி ஒன்றில் கரோல் ஊதா மையால் குறிகள் இட்டிருந்தார். அப்பிரதி 1998-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்து, 15 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. கழிவுத்தாள் என்று ஒதுக்கப்பட்டதன் மதிப்பைக் காலம் இவ்வாறு மாற்றியது.

வாங்கும் முன்பு

குழந்தைக்கு ஒரு தழுவல் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது சில நிமிடங்கள் அதனைப் புரட்டிப் பார்ப்பது நன்று. மூல ஆசிரியரின் பெயரோடு, மறுபடி எழுதியவர் பெயரும் ஓவியர் பெயரும் அச்சிடப்பட்டுள்ளனவா? பெயர் இல்லாத நூலுக்குப் பொறுப்பேற்பவர் இல்லை. எந்த வயதினருக்கு உரியது என்று சொல்லப்பட்டிருக்கிறதா? முழுக் கதையா, சில பகுதிகள் மட்டுமா என்பது தெளிவாக உள்ளதா? ஒரு பக்கத்தை உரக்கப் படித்துப் பாருங்கள். சொற்கள் நாவில் தடையின்றி வந்து, படத்தில் இருப்பதைக் குழந்தை தானே தேடத் தொடங்கினால், அந்நூல் அக்குழந்தைக்காகவே எழுதப்பட்டது என்று கொள்ளலாம். நிகழ்ச்சிகளை மட்டும் வரிசையாகச் சொல்லிச் செல்லும் நூலை விட்டுவிடலாம். சில ஆண்டுகள் பொறுத்து மூலத்தையே வாங்கித் தருவது மேல்.