கோட்டை விட்ட பேப்பர்!

ராத்திரி மணி ஒண்ணு. விடிஞ்சா 'அமெரிக்க வரலாறு' பேப்பர். கையில செராக்ஸ் நோட்ஸ், பக்கத்துல ஆறிப்போன டீ. 'பாஸ்டன் டீ பார்ட்டி - 1773'ங்கிற வரிக்கு மூணாவது தடவையா அடிக்கோடு போட்டுட்டு, "ஏன் மச்சான், ஒரு டீக்கா இவ்ளோ பெரிய சண்டை?"ன்னு ரூம்மேட்டைக் கேட்கிறீங்க. பதில் இல்லை. அவன் எப்பவோ குறட்டை!

ஹிஸ்டரி மேஜர் எடுத்தவங்களுக்கு இந்த ராத்திரி தப்பாது. நானும் அனுபவிச்சேன். 13 காலனிகளின் பேரையும் வரிசையா ஒப்பிப்பேன். ஸ்டாம்ப் சட்டம் 1765, விடுதலைப் பிரகடனம் 1776னு தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். ஆனா, எது எதனால நடந்ததுன்னு கேட்டா... ஙே! விளைவு, முதல் முயற்சியில பேப்பரைக் கோட்டை விட்டேன்.

அரியருக்குப் படிக்கிறப்போதான் ஒரு விஷயம் பொட்டுனு உறைச்சது. நான் கோட்டை விட்ட அதே வரலாற்றுல, எங்க பாண்டிச்சேரியும் நிஜமாவே கோட்டை விட்டிருக்கு. அதுவும் ரெண்டு தடவை!

நம்பலையா? பைக்கை எடுங்க. அண்ணா சாலை, சுப்பையா சாலை, சர்தார் படேல் சாலைன்னு ஒரு ரவுண்டு போங்க. ஊரைச் சுத்தி முட்டை வடிவத்துல வளையுதே, ஏன்? அங்கேதான் பழைய ஊரின் மதில் இருந்தது. உள்ளே, இப்போ பாரதி பூங்கா இருக்கிற பக்கம், பிரெஞ்சுக்காரங்களோட கோட்டை. இன்னிக்கு அங்க உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுறப்போ, இங்க ஒரு கோட்டை இருந்ததுன்னு யாருக்கும் தோணாது. 1761-ல் ஊரைப் பிடிச்ச ஆங்கிலேயர்கள் அதை இடிச்சுத் தள்ளிட்டாங்க.

அது எப்படி ஆச்சுங்கிற இடத்துலதான் உங்க சிலபஸ் ஆரம்பிக்குது, பாஸ். 1754-ல் வட அமெரிக்கக் காட்டுக்குள்ள, 22 வயசு இளைஞர் ஒருத்தர் தலைமையில வந்த சின்னப் படை பிரெஞ்சுக்காரங்க மேல துப்பாக்கிச் சூடு நடத்துச்சு. அந்த இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன்! அப்போ அவர் பிரிட்டிஷ்காரங்க பக்கம். அந்தப் பொறி பெருசாகி, 1756-ல் ஏழாண்டுப் போர் ஆச்சு. கனடாவுல கியூபெக் 1759-ல் விழுந்தது. அடுத்த வருஷம் செப்டம்பர்ல, அயர் கூட் தலைமையில ஆங்கிலப் படை பாண்டியைச் சுத்தி வளைச்சது.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். உள்ளே சாப்பாடு தீரத் தீர, பிரெஞ்சுத் தளபதி லாலி ஒரு காரியம் செஞ்சார். நவம்பர் கடைசியில, ஊருக்குள்ள மிச்சமிருந்த நம்ம ஜனங்களை, ஆயிரம் பேருக்கு மேல இருக்கும், வெளியே துரத்திட்டார். வெளியே நின்ன ஆங்கிலப் படையும் வழி விடலை. திரும்பி வந்தா கோட்டைக் கதவும் திறக்கலை. ஆணும் பெண்ணுமா ஒரு வாரம் ரெண்டு படைக்கும் நடுவுல, வயல்ல கிடைச்ச புல் வேரைத் தின்னுக்கிட்டு கிடந்தாங்க. அப்புறம்தான் அயர் கூட் மனசு இறங்கி வழி விட்டார். கியூபெக்கை யார் பிடிச்சாங்கன்னு ஒரு மார்க் கேள்வி வரும். இவங்களைப் பத்தி எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை.

1761 ஜனவரி 16-ல் ஊர் கைமாறியது. அதுக்குச் சில நாள் முன்னாடிதான், கால் நூற்றாண்டு காலம் இந்த ஊரோட ஒவ்வொரு அசைவையும் தமிழ்ல நாட்குறிப்பா எழுதி வெச்ச ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். ரங்கப்பிள்ளை வீதியில அவர் வீடு இருக்கு. அந்த வழியாத்தான் தினமும் மார்க்கெட்டுக்குப் போயிருப்போம்!

1763-ல் பாரிஸ் ஒப்பந்தம். கனடா பிரிட்டனுக்குப் போச்சு. இடிஞ்சு கிடந்த பாண்டி பிரான்ஸுக்குத் திரும்பி வந்தது. ஜெயிச்ச பிரிட்டனுக்கு என்ன மிச்சம்? கடன்! போருக்கு முன்னாடி இருந்ததைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 'அமெரிக்கக் காலனிகளைக் காப்பாத்தத்தானே சண்டை போட்டோம், நீங்களும் செலவைப் பகிர்ந்துக்கோங்க'ன்னு 1765-ல் ஸ்டாம்ப் சட்டம் போட்டாங்க. அவங்க முறைச்சாங்க. நான் முதல் தடவை எழுதாம விட்ட 'எதனால' இதுதான்.

டீ விஷயமும் அப்படித்தான். பாஸ்டன் துறைமுகத்துல 1773 டிசம்பர் 16 ராத்திரி கடல்ல கொட்டின 342 பெட்டித் தேயிலையும் சீனாவுல விளைஞ்சது. ஆனா, அதோட முதலாளி சென்னையில கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி! நொடிச்சுக் கிடந்த கம்பெனியைத் தூக்கி நிறுத்தத்தான் அந்தத் தேயிலைச் சட்டமே வந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன், 'இந்தக் கம்பெனி வங்காளத்துல என்ன செஞ்சதுன்னு பாருங்க, அடுத்தது நாமதான்'ங்கிற அர்த்தத்துல அந்த வருஷமே எழுதினார். நம்ம பஞ்சம் அவங்களுக்கு எச்சரிக்கை மணியா இருந்திருக்கு.

இனி ரெண்டாவது தடவை. 1777-ல் சரடோகாவுல பிரிட்டிஷ் படை சரணடைஞ்சதும் பிரான்ஸுக்குத் தைரியம் வந்திருச்சு. 1778 பிப்ரவரியில அமெரிக்காவோட கூட்டணி. நோட்ஸ்ல அதோட முற்றுப்புள்ளி வெச்சிருப்பாங்க. ஆனா, அந்தக் கையெழுத்துக்கு விலை கொடுத்தது பாண்டி! ஆகஸ்ட்ல கடல்ல ஒரு மோதல், தொடர்ந்து ஹெக்டர் மன்றோ தலைமையில முற்றுகை. ஆளுநர் பெல்கோம்ப் அக்டோபர் வரைக்கும் தாக்குப்பிடிச்சுட்டு சரணடைஞ்சார். மன்றோ படையில பெரும்பாலானவங்க இந்தியச் சிப்பாய்கள். மதிலுக்கு இந்தப் பக்கமும் சிப்பாய்கள் உண்டு. பிலடெல்பியாவுல எழுதின பிரகடனத்துக்காக, அந்த ஊர் பேரையே கேள்விப்படாத ஆளுங்க செத்துப் போனாங்க.

அடுத்து 1779-ல் மாஹேயையும் ஆங்கிலேயர்கள் பிடிக்க, ஹைதர் அலிக்கு கோபம் தலைக்கேறி, 1780-ல் கர்நாடகத்துக்குள்ள இறங்கினார். அந்தச் செய்தி அமெரிக்கா வரைக்கும் போச்சு. 1782-ல் பென்சில்வேனியாக்காரங்க தங்களோட போர்க்கப்பல் ஒண்ணுக்கு 'ஹைதர் அலி'ன்னே பேர் வெச்சு, அதை வெச்சு ஒரு பிரிட்டிஷ் கப்பலையும் பிடிச்சாங்க. வகுப்புல தூங்குறவங்களை எழுப்ப இது ஒண்ணு போதும்!

என்னை உலுக்கினது கடலூர்தான். 1783 ஜனவரி 20-ல் பிரிட்டனும் பிரான்ஸும் சண்டையை நிறுத்தக் கையெழுத்துப் போட்டாச்சு. சேதி கப்பல்ல வரணுமே! ஜூன் மாசம் கடலூர்ல ரெண்டு படையும் மோதிக்கிட்டு இருந்தது. 13-ம் தேதி கரையில பெரிய சண்டை. 20-ம் தேதி கடல்ல இன்னொண்ணு. ஜூன் 29-ல் வெள்ளைக்கொடியோட ஒரு கப்பல் வந்து, 'சமாதானம் ஆகிடுச்சு'ன்னு சொன்னது. அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோன சண்டையில அவங்க செத்திருக்காங்க. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டைகள்ல ஒண்ணு, பாண்டியிலேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரத் தூரத்துல நடந்தது!

கார்ன்வாலிஸைப் பத்தியும் ஒரு வரி. 1781-ல் யார்க்டவுன்ல வாஷிங்டன்கிட்ட தோத்தவர், 1786-ல் இங்க கவர்னர் ஜெனரலா வந்து இறங்கினார். அங்க ஃபெயில், இங்க புரமோஷன். நமக்கு ஏன் பாஸ் அந்த மாதிரி யூனிவர்சிட்டி அமையலை?

அரியர்ல பத்து மார்க் கேள்வியா வந்தது, 'அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சின் பங்கு'. சரடோகா, லஃபாயெத், யார்க்டவுன் எல்லாம் எழுதிட்டு, கடைசியா ரெண்டு பாரா பாண்டியையும் கடலூரையும் சேர்த்தேன். திருத்தினவர் என்ன நினைச்சாரோ தெரியாது, பேப்பர் கிளியர்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஆர்வக்கோளாறுல பாரதி பூங்காவுல ஆரம்பிச்சுடாதீங்க. முதல் பாராவுல வாஷிங்டன் வந்தாகணும். திருத்துறவரும் நம்மளை மாதிரி செராக்ஸ் நோட்ஸ் படிச்சுத்தான் வந்திருப்பார்!