அணுத்திரளின் ஓரியல் மேற்பொருந்துநிலை

அணுத்திரளின் ஓரியல் மேற்பொருந்துநிலை என்பது, ஏராளமான ஒத்த அணுக்கள் கொண்ட ஒரு திரளில் ஒரே ஒரு கிளர்ச்சியை எல்லா அணுக்களும் கூட்டாகப் பகிர்ந்து நிற்கும் குவாண்டம் நிலை ஆகும். இக்கிளர்ச்சியைச் சிறிது நேரம் தேக்கிவைத்து, வேண்டும்போது ஓர் ஒளியணுவாக வெளிக்கொணரலாம். எனவே நெடுந்தொலைவுக் குவாண்டம் தகவல்தொடர்புக்கான நினைவகமாக இது ஆராயப்பட்டு வருகின்றது.

தேவை

1550 நானோமீட்டர் அலைநீள ஒளி, ஒளியிழையில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 டெசிபெல் அளவு இழக்கப்படுகின்றது. 100 கி.மீ. கடந்தால் நூறில் ஓர் ஒளியணுவே எஞ்சும். 1000 கி.மீ. எனில் 10²⁰ ஒளியணுக்களில் ஒன்று மட்டுமே தப்பும். நொடிக்கு ஆயிரம் கோடி வீதம் அனுப்பினாலும், ஒன்று மறுமுனையை அடைய முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சாதாரணத் தொலைத்தொடர்பில் இடையிடையே பெருக்கிகளை வைத்து இவ்விழப்பை ஈடுசெய்வர். ஆனால், அறியப்படாத குவாண்டம் நிலையைப் படியெடுக்க இயலாது என்று 1982இல் நிறுவப்பட்டது. ஆகவே இங்கு பெருக்கி பயன்படாது. வழியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளுக்கும் இடையே குவாண்டம் பின்னலை உருவாக்கி, பின்னர் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கலாம். முதலில் வெற்றி பெற்ற துண்டு மற்றவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கே நினைவகம் தேவைப்படுகின்றது.

செயல்முறை

2001இல் துவான், லூக்கின், சிராக், சோலர் ஆகியோர் இதற்கு ஒரு வழியை முன்வைத்தனர். அடிநிலையில் உள்ள அணுத்திரள் மீது மிக வலுக்குறைந்த சீரொளித் (லேசர்) துடிப்பு செலுத்தப்படுகின்றது. அரிதாக, ஓர் அணு வேறொரு நிலைக்கு மாறி ஓர் ஒளியணுவைச் சிதறவிடும். அவ்வொளியணு உணரியில் பதிவானால், திரளில் ஒரு கிளர்ச்சி உள்ளது என்பது உறுதி. எந்த அணு மாறியது என்பதற்கோ எங்கும் தடயம் இல்லை.

இது வெறும் அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. மாறியது ஏதோ ஒரு குறிப்பிட்ட அணுதான் என்றால், பின்னர் அது வெளியிடும் ஒளியணு எத்திசையிலும் செல்லக்கூடும். மேற்பொருந்துநிலையில் எல்லா அணுக்களின் பங்களிப்பும் ஒத்த கட்டத்தில் கூடுவதால், இரண்டாம் சீரொளித் துடிப்பு செலுத்தப்பட்டதும் ஒளியணு பெரும்பாலும் குறித்த திசையிலேயே வெளிவருகின்றது. சில அணுக்கள் தொலைந்தாலும் நிலை பெரிதும் சிதையாது என்பது மற்றொரு நன்மை.

இரு திரள்களிலிருந்து வரும் பாதைகளை நடுவில் ஓர் ஒளிக்கற்றைப் பிரிப்பியில் சேர்த்தால், பதிவாகும் ஒளியணு எத்திரளிலிருந்து வந்தது என்றே கூற இயலாது. அந்த ஒரு பதிவே இரு திரள்களையும் பின்னிவிடுகின்றது. இம்முறையின் அழகு இதில்தான் உள்ளது எனலாம்.

இடர்ப்பாடுகள்

அணுக்கள் நகர்ந்தால் கட்டத் தொடர்பு கலைந்துவிடும். காந்தப்புல மாறுபாடுகளும் அதைக் கெடுக்கும். இதனால் சீரொளியால் குளிர்விக்கப்பட்ட சீசியம், ரூபிடியம் அணுக்கள் பெரிதும் பயன்படுத்தப்படுகின்றன. துடிப்பின் வலுவைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கிளர்ச்சிகள் தோன்றிப் பிழையும் கூடும்.

சோதனைகள்

2005இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கிம்பிள் குழுவினர், 2.8 மீட்டர் இடைவெளியில் இருந்த இரு சீசியம் திரள்களை இவ்வாறு பின்னினர். 2020இல் சீனாவின் ஏஃபெய் நகரில் நகரத்தினூடே இட்ட 22 கி.மீ. ஒளியிழை வழியாகவும், ஆய்வகத்தில் சுருட்டி வைத்த 50 கி.மீ. ஒளியிழை வழியாகவும் இரு ரூபிடியம் நினைவகங்கள் பின்னப்பட்டன. ரூபிடியத்தின் 795 நானோமீட்டர் ஒளி ஒளியிழையில் விரைவில் மங்கும் என்பதால், அது 1342 நானோமீட்டருக்கு மாற்றி அனுப்பப்பட்டது. அச்சோதனையில் இரு நினைவகங்களும் ஒரே ஆய்வகத்தில் இருந்தன. அந்நகரின் வெவ்வேறு இடங்களில் வைத்த நினைவகங்களுக்கு இடையேயான பின்னல் 2024இல் அறிவிக்கப்பட்டது.