அம்மாவின் போனும் ஒன்றாம் வகுப்பும்

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு இன்டர்நெட் பாதுகாப்பு எதுக்குங்க? அவனுக்கு இன்னும் 'ஞ' எழுதவே வரல" என்று கேட்கும் பெற்றோர் பலர். நியாயமான கேள்விதான். எழுதப் படிக்கத் தெரிந்தால்தானே எதையும் தேட முடியும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு 2017 ஆகஸ்டோடு செல்லாமல் போய்விட்டது. கூகுளின் குரல்வழித் தேடலில் தமிழ் சேர்ந்தது அப்போதுதான். இன்று ஐந்து வயதுப் பிள்ளை மைக் படத்தைத் தொட்டு "டைனோசர் சண்டை" என்று சொன்னால் போதும், வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். அரிச்சுவடி முடிவதற்கு முன்பே பிள்ளை இணையத்துக்குள் போய்விடுகிறது. நாமோ அதைப் பற்றிப் பேசுவதை ஆறாம் வகுப்புக்கோ எட்டாம் வகுப்புக்கோ தள்ளிவைக்கிறோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பொறுமையாகவே பேசுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தொடக்கப் பள்ளியில் தொழில்நுட்பம் என்றதும் ஒரு சாரார் "பிள்ளைகள் முன்னேறிவிடும்" என்கிறார்கள், இன்னொரு சாரார் "கெட்டுப்போய்விடும்" என்கிறார்கள். ஆசிரியர் கையில் இருக்கும் திரையும் பிள்ளை கையில் இருக்கும் திரையும் ஒன்றே என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல். இரண்டும் வேறுவேறு.

ஆசிரியரின் திரை தமிழ்நாட்டு வகுப்பறைக்குள் படிப்படியாக வந்தது. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களின் பக்கங்களில் க்யூஆர் கோடு இருந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்து திரும்பியபோது, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்துக் கற்பிக்கும் திட்டம் அது. பிறகு அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு டேப்லெட்டுகளும் வந்தன. அரசு அறிவித்த வகுப்பறைகளின் எண்ணிக்கை மட்டும் 22,931.

இந்தத் திரையைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை, ஆசிரியர் அதை நிறுத்தி நிறுத்திப் பயன்படுத்தும்வரை. தருமபுரிப் பக்கம் ஒரு மூன்றாம் வகுப்பில் கடலையே பார்க்காத பிள்ளைகள் இருப்பார்கள். அலை எழும்பி வரும் வீடியோவைப் போட்டு, அது கரையைத் தொடும் முன் நிறுத்தி, "இப்ப என்ன ஆகும்? மண்ணு என்ன ஆகும்?" என்று கேட்டால் முப்பது வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். பாடம் நடப்பது அந்த இடைவெளியில். வீடியோவைப் போட்டுவிட்டு ஆசிரியர் பதிவேட்டைத் திறந்தால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும்.

பிள்ளைக்கு ஒரு கருவி என்று கையில் கொடுத்துவிட்டால் படிப்பு தானாக வருமா? பெரு நாடு அதைச் செய்து பார்த்தது. 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்தில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை. கருவி போய்ச் சேர்ந்த அளவுக்கு, அதை வைத்து என்ன செய்வது என்ற பயிற்சி ஆசிரியருக்குப் போய்ச் சேரவில்லை.

இனி, வீட்டுத் திரை. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

இணையப் பாதுகாப்பு பற்றி நமக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, பிள்ளைக்கென்று தனி டேப்லெட், தனிக் கணக்கு, தனி அறை உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இருப்பது அம்மாவின் போன். அம்மா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். மாலை ஆறரைக்கு அம்மா வந்ததும், வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் பிள்ளை அதை வாங்கும். அதே போனில் ஜிபே இருக்கும், வங்கி எஸ்எம்எஸ் இருக்கும், குடும்ப குரூப்பும் சுய உதவிக் குழு குரூப்பும் இருக்கும். போனின் பேட்டர்ன் பிள்ளைக்குத் தெரியும். பல வீடுகளில் யுபிஐ பின்னும் தெரியும், ஏனென்றால் கடைக்குப் போகும்போது அதைப் போட்டுக்கொடுப்பதே பிள்ளைதான்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் ஒன்று, 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் இணைய நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் போன்றவை 13 என்ற எல்லையை வைத்திருப்பதன் பின்னணி அதுதான். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 18 வயதுவரை குழந்தை என்று வைத்து, பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எதிரே இருப்பது பிள்ளை என்று இயந்திரத்துக்குத் தெரிந்தால்தானே? அம்மாவின் கணக்கில் நுழையும் எட்டு வயதுக்காரி, கம்பெனியின் கண்ணில் முப்பத்துநான்கு வயதுப் பெண். பெரியவர்களுக்கான விளம்பரமும் பெரியவர்களுக்கான வீடியோவும் அவள் முன்னால் வரும். கம்பெனியும் விதியை மீறியதாகாது.

யூடியூபையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டியதற்காக 2019-இல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கான வீடியோவை அப்படியே குறிக்க வேண்டும், அவற்றில் கமென்ட் இருக்காது, ஆளைப் பார்த்துப் போடும் விளம்பரம் இருக்காது என்று ஆக்கினார்கள். இது முன்னேற்றம்தான். ஆனாலும் பிள்ளைக்குத் தெரிந்த கார்ட்டூன் முகத்தை அட்டைப்படமாக ஒட்டி உள்ளே வன்முறையை வைக்கும் வீடியோக்கள், குழந்தைகளுக்கென்றே செய்த யூடியூப் கிட்ஸ் செயலிக்குள்ளேயே நுழைந்திருந்தது 2017-இல் வெளியே வந்து பெரிய பிரச்சினை ஆனது. தலைப்பையும் படத்தையும் வைத்துத் தரம்பிரிக்கும் இயந்திரத்துக்கு உள்ளே இருக்கும் நோக்கம் தெரிவதில்லை. ஆகவே வடிகட்டியைப் போடுங்கள், அதை மட்டும் நம்பி அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

போனில் செய்ய வேண்டியதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஆப் பின்னிங் என்றொரு வசதி உண்டு. வீட்டுப்பாடம் இருக்கும் செயலியை மட்டும் திறந்து, பிள்ளைக்குத் தெரியாத புதிய பேட்டர்னைப் போட்டால்தான் வெளியே வர முடியும்படி பூட்டிக் கொடுத்தால் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. ஐபோனில் அதன் பெயர் கைடட் ஆக்சஸ். யுபிஐ பின்னை மாற்றுங்கள், இன்றைக்கே. பத்து நிமிட வேலை.

மற்றது பத்து நிமிடத்தில் முடியாது. நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பின் முதல் பாடம் பணிவு. "மாமா கேட்கிறார்ல, பதில் சொல்லு", "தாத்தாகிட்ட பேசு", "பெரியவங்க சொன்னா கேக்கணும்." எவ்வளவு நல்ல வளர்ப்பு! அதே வளர்ப்புதான் போனில் ஒரு பெரியவர் குரல், "பாப்பா, அம்மா போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைப் படி" என்றதும் ஓடிபியைப் படிக்க வைக்கிறது. பிள்ளை முட்டாள்தனமாக எதையும் செய்யவில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததைச் செய்தது. மறுப்பதற்கு ஒரு மரியாதையான வாக்கியத்தை நாம்தான் அதற்குக் கொடுக்கவில்லை.

அந்த வாக்கியம் ரொம்பச் சின்னது: "இருங்க மாமா, அம்மாகிட்ட குடுக்கிறேன்." இதற்குமேல் ஏழு வயதுக்கு எதுவும் தேவையில்லை. எந்த எண்ணைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற பட்டியல் அந்த வயதில் மனதில் நிற்காது. போனைக் கைமாற்றும் பழக்கம் நிற்கும். வகுப்பில் இதை நடிக்க வைக்கலாம். ஆசிரியரே போன் செய்பவராக நடிக்க வேண்டும். முதலில் கனிவாக, அடுத்து அவசரமாக, பிறகு "சொல்லலைன்னா அம்மா போன் கட்டாயிடும்" என்று மிரட்டலாக, கடைசியில் "நான் உங்க ஹெட்மாஸ்டர் பேசறேன்" என்று. நாலு தடவையும் பிள்ளை அதே வாக்கியத்தையே சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியர் பேரைச் சொன்னதும் பிள்ளைகள் தடுமாறுவார்கள், அங்கேதான் கூடுதலாகப் பழக்க வேண்டும். இதற்கு ஸ்மார்ட் போர்டு தேவையில்லை, கரண்ட்டும் தேவையில்லை.

இன்னொரு விளையாட்டு. ஒரு பிள்ளையைத் தாளில் ஏதாவது வரையச் சொல்லுங்கள். அதைப் பக்கத்தில் இருக்கும் இருவர் பார்த்து வரையட்டும். அந்த இருவரிடமிருந்து இன்னும் நாலு பேர். வகுப்பு முழுக்கப் பரவியதும் முதல் பிள்ளையைக் கூப்பிட்டு, "உன் தாளைக் கிழிச்சிடு. இப்ப படம் போயிடுச்சா?" என்று கேளுங்கள். பிள்ளை வகுப்பைச் சுற்றிப் பார்க்கும். 'டெலீட்' என்றால் என்ன, 'ஃபார்வர்ட்' என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியதே இருக்காது.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த பிறகும் பிள்ளை ஒருநாள் பார்க்கக் கூடாததைப் பார்க்கும், தொடக் கூடாததைத் தொடும். அப்போது அது உங்களிடம் வந்து சொல்லுமா? எல்லாப் பாதுகாப்பும் இந்த ஒரு இடத்தில் வந்து நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளை வந்து, "அம்மா, இதுல அசிங்கமா ஒண்ணு வந்துச்சு" என்கிறது. நம் கை முதலில் எங்கே போகிறது? போனைப் பிடுங்குகிறோம். "இதுக்குத்தான் சொன்னேன் தொடாதேன்னு" என்கிறோம், சில வீடுகளில் முதுகில் ஒன்று விழும். பிள்ளை அன்று தெரிந்துகொள்வது ஒன்றே ஒன்று: சொன்னால் போன் போய்விடும். அடுத்த முறை ஆபத்து நிஜமாக வரும்போது, "உன் போட்டோ என்கிட்ட இருக்கு, அம்மாகிட்ட சொன்னா அடிதான் விழும்" என்று மிரட்டுபவன் சொல்வதைப் பிள்ளை நம்பும், ஏனென்றால் அவன் சொல்வது அதன் அனுபவத்தோடு பொருந்துகிறது.

ஆகவே முதல் வார்த்தை, "வந்து சொன்னியே, ரொம்ப நல்லது" என்று இருக்கட்டும். கேள்வி பிறகு. கோபம் வந்தால் அது பிள்ளை இல்லாத இடத்தில். இதைப் பெற்றோர் பழகிக்கொள்வது, பிள்ளைகள் ஓடிபி பாடத்தைப் பழகுவதைவிடக் கடினம். அதனால்தான் ஆசிரியர்கள் இதைப் பெற்றோர் கூட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

பெரியவர்களான நாமே திறந்துவைக்கும் கதவுகளும் இருக்கின்றன. பள்ளி திறந்த அன்று பெயர்ப்பலகைக்குக் கீழே சீருடையில், அடையாள அட்டை தொங்கப் பிள்ளையை நிற்கவைத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். பெயர், வகுப்பு, பள்ளி, முகம் எல்லாம் ஒரே படத்தில். ஆசை புரிகிறது, அட்டையைக் கழற்றிவிட்டு, பலகை தெரியாமல் எடுத்தால் ஆசையும் நிறைவேறும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லா அம்மாக்களின் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது. வீட்டுப்பாடம் அனுப்ப மட்டும்தான் என்றால் ஆசிரியர் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆசிரியரின் எண்ணைப் பெற்றோர் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் கைமீறினால் எங்கே போவது? குழந்தைக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098. பணம் போயிருந்தால் 1930. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளை பாலியல் சீண்டலுக்கு ஆளானது தெரிந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி கட்டாயம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பது குற்றம். உரையாடலை அழிக்காதீர்கள், போனை அப்படியே காவல் துறையிடம் காட்டுங்கள். பிள்ளையின் ஆபாசப் படம் எதுவாவது உங்களுக்கு வந்தால், "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க" என்று நல்லெண்ணத்தில்கூட குரூப்பில் போடாதீர்கள். அனுப்புவது மட்டுமல்ல, அத்தகைய படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும்கூடக் குற்றமாகலாம் என்று, சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தந்த தீர்ப்பு ஒன்றை ரத்துசெய்து அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் கழிவறை, சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்த பிறகு இதையும் எடுங்கள். பிள்ளைகளின் படத்தை யார் எங்கே போடுகிறார்கள், அதற்கு நம்மிடம் கேட்டார்களா என்று கேளுங்கள். அந்தப் போன் நாடகத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்தே நடத்த முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். போன் செய்து மிரட்டும் வேடத்துக்கு ஆள் தேவைப்பட்டால், பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத குரல் உங்களுடையது. நீங்களே போய் நடியுங்கள்.