பொங்கல் விளையாட்டில் சிக்கிய பொய்

திருமுல்லைவாயலில் எங்கள் தெருப் பொங்கல் விழாவில் லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர், உறியடி எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ‘பொருத்தம்’ என்றொரு விளையாட்டு நடக்கும். கணவன் மனைவி, அக்கா தங்கை, நண்பர்கள் என்று இரண்டிரண்டு பேராக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆளுக்கொரு பேப்பர், பேனா. கேள்வி இருவருக்கும் ஒன்றுதான். விடைகள் ஒத்துப்போனால் ஒரு புள்ளி. கேள்வி தயாரிப்பது பெரும்பாலும் என் வேலை. நான் அஞ்சலக சேமிப்புக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணம் எடுக்க வருபவர் நீட்டும் எஸ்.பி.7 படிவத்தின் கையெழுத்தை ஏட்டில் உள்ள கையெழுத்தோடு வைத்துப் பார்த்தே பழகிய கண்கள் என்னுடையவை.

ஒரு வருடம் அந்த விளையாட்டு எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தின் நகையைக் காப்பாற்றியது. அது எப்படி நடந்தது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த முறை எந்தத் தெருவிலும், எந்த வீட்டிலும் செல்லுபடியாகும்.

பர்மனென்ட் வேலை

எங்கள் பகுதியே தொழிற்சாலைகளால் வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. சங்கு ஊதும் நேரத்தை வைத்து உலை வைத்த வீடுகள் இங்கே ஏராளம். அப்பா பர்மனென்ட், பிள்ளை கான்ட்ராக்ட் என்றாகிவிட்ட காலத்தில், ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேலை, பர்மனென்ட்’ என்று யாராவது சொன்னால் ஒரு தாய்க்கு அடிவயிற்றில் ஏற்படும் ஆசையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றுபவர்கள் அந்த ஆசையைத்தான் குறிவைக்கிறார்கள்.

எங்கள் தெருவில் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன் ஒருவன் இருந்தான். ஒருவர் அவன் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிவதாகச் சொன்னார். கழுத்தில் எப்போதும் அடையாள அட்டை தொங்கும். மேலதிகாரி என்று இன்னொருவரையும் அழைத்துவந்தார். எட்டு வருடமாக இருவரும் ஒரே செக்‌ஷனாம், பக்கத்துப் பக்கத்து மேசையாம். மூன்று லட்சம் கொடுத்தால் தை மாதம் முடிவதற்குள் ஆர்டர் கையில் இருக்கும் என்றார்கள். பையனின் அம்மா வளையலையும் தாலிச் சரட்டையும் அடகுக் கடைக்கு எடுத்துப்போகத் தயாராகிவிட்டாள்.

அவள் முதலில் வந்து சொன்னது எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம். அவருடைய கணவர் ஆயுள் முழுக்கத் தொழிற்சாலையில் உழைத்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஃபேக்டரி அக்கா’. அக்கா என்னைக் கூப்பிட்டார். “ஏன்டி, ஆள் நல்லா பேசுறாரு. ஆனா ஆபீஸ் பேச்சு ஒண்ணுகூட அவர் வாயில வரமாட்டேங்குது. உங்க அத்தான் வீட்டுக்கு வந்தா சூப்பர்வைசரைத் திட்டாத நாள் உண்டா?” என்றார்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. விழாவுக்கு அவர்கள் இருவரும் வருவதாக இருந்தது. பொருத்தம் விளையாட்டில் அவர்களையும் உட்காரவைப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம்.

மூன்று கேள்விகள்

முதலில் எளிய கேள்விகள். எந்த வருடம் ஒரே செக்‌ஷனுக்கு வந்தீர்கள்? உங்கள் இருவரில் மேலதிகாரியின் பதவி என்ன? இருவர் விடையும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போயின. கூட்டம் கைதட்டியது.

அடுத்து, மேலதிகாரி மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கேட்டேன். ஒருவர் கேன்டீன் என்று எழுதினார், மற்றவர் டிபன் பாக்ஸ், மேசையிலேயே என்று எழுதினார். அவர் ஆபீஸுக்கு எதில் வருவார் என்றேன். ஒரு பேப்பரில் பைக், இன்னொன்றில் மின்சார ரயில், அண்ணனூரில் ஏறுவார் என்று இருந்தது. கடைசியாக, நீங்கள் வேலை செய்யும் அறையைப் படமாக வரையுங்கள், வாசல், ஜன்னல், உங்கள் இருவர் மேசை, அவ்வளவு போதும் என்றேன். ஒருவர் வரைந்த அறையில் மேசைகள் எதிரெதிரே இருந்தன. மற்றவர் அறையில் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருந்தன. பக்கத்துப் பக்கத்து மேசை என்று அவர்களே சொன்னது இரண்டு படத்திலும் இல்லை.

அதே விளையாட்டில் கல்யாணமாகி முப்பது வருடம் கடந்த ஒரு தம்பதியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்குப் பிடித்த இனிப்பு என்ன என்ற கேள்வியில் மனைவி மைசூர்பாகு என்றார், கணவர் பால்கோவா என்றார். பிடித்த பாட்டும் பொருந்தவில்லை. ஆனால் சமையலறையை வரையச் சொன்னபோது அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ், அரிசி டின் எல்லாம் இரண்டு பேப்பரிலும் அதனதன் இடத்தில் இருந்தன. இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. பிடித்தது, பிடிக்காதது என்பதில் உண்மையானவர்களும் முரண்படுவார்கள். தினமும் புழங்கிய இடத்தில் அப்படி முரண்படுவது அரிது.

நாங்கள் யாரும் சத்தம் போடவில்லை. எல்லோருக்கும் கொடுத்த ஆறுதல் பரிசை அவர்களுக்கும் கொடுத்து அனுப்பினோம். பேப்பர்களை மட்டும் நான் பத்திரமாக எடுத்து வைத்தேன். அலுவலகம் திறந்த நாளில் பையனின் தாய்மாமன் நேரிலேயே போய் விசாரித்தார். அந்தப் பெயர்களில் அங்கே யாரும் வேலை பார்க்கவில்லை. பிறகு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். நகை பீரோவைவிட்டு வெளியே போகவில்லை.

முகம் சொல்லாது

சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் விளையாடாத தமிழ்ப் பிள்ளை உண்டா? போலீஸ் சீட்டு வந்தவன் எல்லோர் முகத்தையும் பார்த்துத் திருடனைக் காட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் போலீஸின் புள்ளி திருடனுக்குப் போய்விடும். விளையாடியவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் மாட்டுவது திருடன் அல்ல, சிரிப்பை அடக்கத் தெரியாத ராணிதான். 1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த டிமித்ரி டேவிடாஃப் ‘மாஃபியா’ என்ற விளையாட்டை உருவாக்கினார். யார் மாஃபியா என்று பேசிப் பேசியே கண்டுபிடித்து வாக்களித்து வெளியேற்ற வேண்டும். ஊரடங்கின்போது நம் வீட்டுப் பிள்ளைகள் போனில் விளையாடிய ‘அமாங் அஸ்’ அந்த வழியில் வந்ததுதான். அங்கேயும் கூட்டம் ஒரு முகத்தையோ குரலையோ நம்பி அப்பாவியை வெளியேற்றுவது சகஜம்.

இது விளையாட்டில் மட்டும் நடப்பதல்ல. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சுமார் 24,000 பேரின் தீர்ப்புகள் அதில் அடக்கம். எந்தக் கருவியும் பயிற்சியும் இல்லாமல் பார்த்தும் கேட்டும் சொன்னவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 100-க்கு 54. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அதே ஆண்டு 58 நாடுகளில் நடந்த இன்னோர் ஆய்வில், பொய்யரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்ன பதில், ‘கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்’ என்பது. உலகமே நம்பும் இந்த அடையாளம் உண்மையில் கைகொடுப்பதில்லை. நம் ஊரில் பெரியவர்களிடம் பேசும்போது தலை குனிந்து பேசும் பிள்ளைகள் எத்தனை பேர்! வாழ்க்கையைப் பேசியே ஓட்டும் மோசடிக்காரரோ கண்ணுக்குள் பார்த்துப் பேசுவார். எங்கள் தெருவுக்கு வந்தவரும் அப்படித்தான் பேசினார்.

கருவிகள் மட்டும் என்ன? பாலிகிராஃப் கருவி இதயத் துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அளக்கிறது. பயந்தவருக்கும் வியர்க்கும். சம்மதமில்லாமல் ஒருவரை நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனைகளுக்கு உட்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010-ல் தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு அதற்கு ஒரு முக்கிய அடிப்படை.

மரியாதை ராமன் செய்த சோதனை

அப்படியானால் எது உதவும்? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் ஆல்டர்ட் வ்ரை என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டிரண்டு பேராகச் சிலர் ஓட்டலில் சேர்ந்து சாப்பிட்டார்கள். வேறு சிலர் சாப்பிடாமலேயே சாப்பிட்டதாகச் சொல்லும்படி ஒத்திகை பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தார்கள். எதிர்பார்த்த கேள்விகளுக்குப் பொய்யர்களின் பதில்களும் நன்றாகவே பொருந்தின. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், ஓட்டலை வரைந்து காட்டுங்கள் என்று எதிர்பாராததைக் கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அந்த விடைகளை, முக்கியமாகப் படங்களை, ஒப்பிட்டதில் 80 சதவீதம் வரை சரியாகப் பிரிக்க முடிந்தது.

காரணம் எளிது. உண்மை சொல்பவர் நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறார். பொய்யர் அந்த இடத்திலேயே புதிதாகக் கட்ட வேண்டும், கட்டியது முன்பு சொன்னதோடு மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுரையை மனப்பாடம் செய்த பையனை நடுவிலிருந்து கேட்டால் திணறுவதுபோல் திணறுவார். நடந்ததைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வதும் இதே வகைச் சோதனைதான்.

இதை நம் பாட்டிகள் ஆய்வுக்கூடம் இல்லாமலேயே சொல்லியிருக்கிறார்கள். மரியாதை ராமன் கதைகளில் ஒன்று மாணிக்கக் கல் வழக்கு. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறான் ஒருவன், சாட்சிகளும் பார்த்தோம் என்கிறார்கள். ராமன் அவர்களைத் தனித்தனியாகப் பிரித்து, பார்த்த கல்லைக் களிமண்ணில் செய்து காட்டச் சொல்கிறான். மாணிக்கத்தைக் கண்ணாலேயே பார்த்திராத சாட்சிகள் ஆளுக்கொரு வடிவம் பிடித்து வைக்கிறார்கள். பூந்தமல்லியில் இருக்கும் என் கத்தோலிக்கத் தோழி விவிலியத்து சூசன்னாவின் கதையைச் சொன்னாள். சூசன்னாமீது பழி சொன்ன இரண்டு முதியவர்களைத் தானியேல் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறார். இருவரும் வேறு வேறு மரத்தின் பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். தனித்தனியே கேள், எதிர்பாராததைக் கேள், பொருத்திப் பார். வ்ரை குழுவினர் செய்ததும், எங்கள் தெரு விளையாட்டில் நடந்ததும் இதுவே.

தீர்ப்பு நம் கையில் இல்லை

ஆனால் 80 என்பது 100 அல்ல. மீதி 20-ல் ஒரு நேர்மையானவர் இருக்கலாம். அதனால்தான் விடைகள் பொருந்தாததை ஆதாரமாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நேரில் போய் விசாரிக்க அது ஒரு காரணம் ஆனது, அவ்வளவுதான். 2018 மே மாதத்தில் குழந்தை கடத்தும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவிய நாட்களில், போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊர்க் கூட்டம் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டிலும் அதே நாட்களில் ஒரு மனிதர் அப்படியே கொல்லப்பட்டார். ஆளைப் பார்த்தே தீர்ப்பெழுதிய கூட்டங்கள் அவை. சந்தேகம் வந்தால் விசாரிப்பது நம் உரிமை. தண்டிப்பது நம் வேலையே அல்ல.

புகார் கொடுக்க வழி இருக்கிறது. 2022 ஜனவரி முதல் ஆவடிக்கென்று தனிக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும், ஆள்மாறாட்ட மோசடிக்கு 319-ஆம் பிரிவும் உள்ளன. போனில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

போனில் வரும் பொய்க்கும் இந்த முறை பொருந்தும். சிபிஐ அதிகாரி என்று வீடியோவில் மிரட்டி ‘டிஜிட்டல் கைது’ செய்கிறார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. பிள்ளையின் குரலிலேயே அவசரமாகப் பணம் கேட்கும் அழைப்புகளும் வருகின்றன. உடனே போனை வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த எண்ணில் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். எண் கிடைக்கவில்லை என்றால், நம் வீட்டுக்குள் புழங்கியவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். பிறந்த தேதி வேண்டாம், அது ஊருக்கே தெரியும். மாடிப்படி எந்தப் பக்கம், தோசைக்கல் எங்கே மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் தெருவிலும் பொருத்தம் விளையாட்டை நடத்துங்கள். பேப்பரும் பேனாவும் தவிரச் செலவில்லை. பிள்ளைகளை நடுவராக வையுங்கள். எந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே விடை எழுதுகிறார்கள், எந்தக் கேள்வியில் பிரிகிறார்கள் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். நாளை யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை, சீட்டு, நிலம் என்று பணம் கேட்டால், பேச்சு எவ்வளவு இனித்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிறகு அவர் சொன்ன இடத்துக்கு நேரில் போய் விசாரியுங்கள். பணத்தை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். வேலை உண்மையானதாக இருந்தால், நீங்கள் விசாரித்ததால் அது ஓடிப்போகாது.